‘அப்படியே போட்டோ மாதிரி இருக்கு’ என்கிறார்கள். எனக்கு ஒரு டீக்கடையை வரைய வரவில்லை

கரித்துண்டு
ஜனவரி 12, இரவு 10:40

வணக்கம். இரண்டு வருடமாகப் படிக்க மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தவன். இன்று ஒரு புலம்பல் இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

வயது 43. திருச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். கேமல் கலர் கேக் டப்பாவை வைத்து இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரமாக ஒரு தென்னை மரம் போட்ட தலைமுறை. பத்தாம் வகுப்பு வந்ததும் டப்பா பரணுக்குப் போனது. 2020 ஊரடங்கில் மகளின் டிராயிங் நோட்டில் சும்மா கிறுக்கப் போய், மறுபடி பிடித்துக்கொண்டது.

நான் பழகியது கட்டம் போட்டு வரைவது. 10×15 செ.மீ. அளவில் போட்டோவை பிரிண்ட் எடுத்து ஒரு செ.மீ. கட்டம் போடுவேன். தாளில் அதையே இரண்டு செ.மீ. கட்டமாக. மொத்தம் 150 கட்டம். ஒரு கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி மற்றதை மூடி வைத்துவிட்டு, அதில் இருப்பதை அப்படியே இறக்குவது. HB பென்சிலில் கோடு, 2Bயிலிருந்து 8B வரை (எண் ஏற ஏறக் கறுப்பு கூடும்) நிழல், கடைசியில் கண்ணில் இருக்கும் வெளிச்சப் புள்ளியை ரப்பரால் ஒற்றி எடுப்பது. ஒரு முகத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். எழுபது முகம் தாண்டிவிட்டேன். ஆபீஸில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “சார், அப்படியே போட்டோ சார்!”

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆசையில் நோட்டை எடுத்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போய் ஒரு டீக்கடைக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். கடையின் பெயர்ப் பலகையில் தொடங்கினேன், ஏனென்றால் என் பழக்கத்தில் முதல் கட்டம் இடது பக்க மேல் மூலைதான். பலகை அழகாக வந்தது. அதிலேயே பாதித் தாள் போய்விட்டது. டீ மாஸ்டரின் தலை பாய்லரை விடப் பெரிதாக வந்தது, இடுப்புக்குக் கீழே தாளே இல்லை. அதற்குள் அவர் நான்கு முறை நகர்ந்துவிட்டார்.

எழுபது முகம் வரைந்தவனுக்கு ஒரு பாய்லர் வரவில்லை. அப்படியென்றால் இத்தனை நாள் நான் செய்தது என்ன? வரைவதா, ஜெராக்ஸா?


வாஷ்_பேசின்
ஜனவரி 12, இரவு 11:15

ஜெராக்ஸ் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம் அண்ணா. நிழலை இவ்வளவு பொறுமையாக ஏற்றத் தெரிந்தால் அதுவே பாதி வித்தை. நான் வாட்டர்கலர்காரி, கோவை. எனக்கு நேர் எதிர் வியாதி. கலரை ஓடவிடத் தெரியும், முகம் போட்டால் எல்லோரும் ஒரே ஆளாக வருவார்கள்.

ஒன்று கேட்கிறேன். டீக்கடையில் என்ன நோட்டில் வரைந்தீர்கள்? நல்ல விலை கொடுத்த நோட்டாக இருந்தால் கை நடுங்கியிருக்கும்.


கரித்துண்டு
ஜனவரி 12, இரவு 11:31

அதேதான். பிறந்தநாளுக்கு மனைவி வாங்கிக் கொடுத்தது. முதல் பக்கம் வேறு.


மாடல்டிராயிங் மாஸ்டர்
ஜனவரி 13, காலை 5:50

ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம் பக்கம். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுக்கவும்.

தம்பி, உங்களுக்குக் கை பழகியிருக்கிறது. அளவெடுக்கப் பழகவில்லை, அவ்வளவுதான். போட்டோவில் அந்த வேலையை கேமரா முடித்துக் கொடுத்துவிடுகிறது. முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாவற்றையும் ஒரே தட்டையில் படிய வைத்துத் தருகிறது. நீங்கள் தட்டையிலிருந்து தட்டைக்கு மாற்றுகிறீர்கள். தெருவில் அது கிடையாது.

நாங்களெல்லாம் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு எழுதியவர்கள். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் (ஸ்கேல் இல்லாமல் வெறும் கையால் கோட்டுப்படம்), மாடல் டிராயிங் என்று தனித்தனியாக, லோயர், ஹையர் என்று இரண்டு நிலையும் முடிக்க வேண்டும். மாடல் டிராயிங் என்றால் நடுவில் கனசதுரம், உருளை, பானை, வாளி இப்படி அடுக்கி வைத்துவிடுவார்கள். உன் ஸ்டூலிலிருந்து உனக்கு எப்படித் தெரிகிறதோ அதைத்தான் நீ போட வேண்டும். பக்கத்து ஸ்டூல்காரனைப் பார்த்துப் போட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வாய், அவனுக்குத் தெரிவது வேறு.

ஒரு வாரத்துக்கு இதைச் செய்யுங்கள். வீட்டில் குடம் இருக்கும். ஒரு நாள் தரையில் வைத்து வரையுங்கள், ஒரு நாள் மேஜைமேல், ஒரு நாள் பிரிட்ஜ் மேல். வாய் வட்டம்தான், ஆனால் வட்டமாகத் தெரியாது. கண் மட்டத்தில் வெறும் கோடு. அதற்குக் கீழே இறங்க இறங்க வட்டம் விரியும். அதனால் குடத்தின் வாயை விட அடியின் வளைவுதான் அதிகம் விரிந்திருக்க வேண்டும். நூறு பிள்ளைகளில் தொண்ணூறு பேர் அடியைத் தட்டையாக ஒரு கோடு போட்டு முடிப்பார்கள், குடம் தரையில்தானே உட்கார்ந்திருக்கிறது என்று. அது மூளைக்குத் தெரிந்த குடம். கண்ணுக்குத் தெரிகிற குடம் வேறு.

அளவுக்கு: கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளக்கவும். முதலில் கடை முழுவதும். உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் எத்தனை பங்கு? அதைத் தாளில் பெட்டியாகப் போட்டுவிட்டுத்தான் மற்றது. பெயர்ப் பலகை கடைசி.

ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் சிலைக்கு நேர் எதிரே உட்கார்ந்து வரைந்தவர். போட்டோவைப் பார்த்தே பழகியவனுக்கு அந்தக் கண் வராது. இது என் அபிப்பிராயம்.


நைட்_டூட்டி
ஜனவரி 13, காலை 9:20

மாஸ்டர், கோபிக்காதீர்கள், கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் ஐசியூவில் நர்ஸ். இரவு டூட்டி முடிந்து வந்தால் தூக்கம் உடனே வராது, காதில் மானிட்டர் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். குளித்துவிட்டு ஒரு மணி நேரம் கட்டத்தை நிரப்புவேன். ஒரு கட்டத்தில் பாதிப் புருவம், அடுத்ததில் மீதி. எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் முடிவு செய்துகொண்டே இருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்கு ‘கண்’ வர வேண்டாம். தூக்கம் வந்தால் போதும்.

இன்னொன்று. ஓவியர் ஆதிமூலம் காந்தியைக் கோடுகளில் வரைந்தாரே, 1969 நூற்றாண்டு சமயத்தில். ஆதிமூலம் பிறந்தது 1938, காந்தி இறந்தது 1948. அவர் எதிரே உட்கார வைத்தா வரைந்திருப்பார்? போட்டோக்களைப் பார்த்துதானே. அந்தக் கோடுகளை யாராவது ஜெராக்ஸ் என்று சொல்லிவிடுவார்களா?


மாடல்டிராயிங் மாஸ்டர்
ஜனவரி 13, காலை 10:05

நியாயம் அம்மா. ஆதிமூலத்தைச் சொல்லி வாயை அடைத்துவிட்டீர்கள். ஆனால் அவர் சென்னை ஓவியக் கல்லூரியில் ஆளை உட்கார வைத்து வருடக்கணக்கில் வரைந்துவிட்டு அப்புறம் போட்டோவுக்குப் போனவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் விஷயத்தில் நான் வாயே திறக்கவில்லை.


அன்டூ_மன்னன்
ஜனவரி 13, பிற்பகல் 1:12

டேப்லெட்டில் வரைகிறவன். எங்கள் கதை இதைவிடக் கேவலம். அதில் இரண்டு விரலால் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு அழிந்துவிடும். நான்கு வருடம் அதிலேயே வரைந்துவிட்டு, போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒரு குழந்தைக்கு பேப்பரில் யானை போட்டுக் கொடுத்தேன். தும்பிக்கை கோணியதும் என் இரண்டு விரலும் தானாகப் போய் பேப்பரைத் தட்டின. குழந்தையும் கூடவே தட்டியது, அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு.


கரித்துண்டு
ஜனவரி 14, இரவு 9:30

பொங்கல் வாழ்த்துகள் எல்லோருக்கும். மாஸ்டர், வீட்டில் பொங்கல் பானையே இருந்ததால் குடத்துக்குப் பதில் அதையே தரையில் வைத்துப் போட்டேன். அடி தட்டை. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் தட்டை. மகள் எட்டிப் பார்த்துவிட்டு “பானையைப் பாதியாக வெட்டிட்டீங்களாப்பா?” என்றாள்.

நைட்_டூட்டி சிஸ்டர், நீங்கள் சொல்லும் அந்த நிம்மதி எனக்கும் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் பிரச்சினை வேறு இடத்தில் தொடங்கியது. அதை முதல் பதிவில் எழுதக் கூச்சமாக இருந்தது.

கூட வேலை செய்த ஒருவர் போன வருடம் தவறிவிட்டார். அவர் மனைவி, அவருடைய படம் ஒன்று பெரிதாக வரைந்து தரக் கேட்டார். கிடைத்தது ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ ஒன்றுதான். நான் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்து ஒரு ரோமம் விடாமல் இறக்கினேன். நானே மெச்சிக்கொண்ட படம் அது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லா இருக்குங்க. ஆனா அவரு வாயை இப்படி இறுக்கி வெச்சுக்கவே மாட்டாரு” என்றார்.

பதினோரு வருடம் அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அவர் மேலுதடு லேசாகத் தூக்கி, எப்போதும் ஏதோ சொல்லத் தொடங்குகிற மாதிரியே இருக்கும். அந்த அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வரையும்போது ஒரு நொடிகூட வரவில்லை. ஏனென்றால் வாய் இருந்தது இரண்டு கட்டத்தில், நான் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்த்தேன்.


பேனர்வீட்டுப்பையன்
ஜனவரி 15, இரவு 12:50

இந்த இழையில் கட்டத்தைத் திட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கட்டம் சோறு போட்ட வீடு எங்களுடையது. அப்பா சென்னையில் சினிமா பேனர் வரைந்தவர். பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை முடித்து வைக்கும் வரை அதுதான்.

உள்ளங்கை அளவு ஸ்டில்லில் கட்டம் போட்டு, இருபது அடித் துணியில் அதே கட்டம். ஆனால் அப்பா ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. கோடு கட்டத்தை எங்கே வெட்டுகிறது என்று பார்த்து, கண்ணுக்கு நாலு புள்ளி, மூக்குக்கு ரெண்டு, தாடைக்கு மூணு என்று வைப்பார். அவ்வளவுதான், கட்டத்தின் வேலை முடிந்தது. அப்புறம் தாடை முழுவதையும் தோளிலிருந்து ஒரே வீச்சில் இழுப்பார். கலர் அடிக்கும்போது ஸ்டில் கையிலேயே இருக்காது. கறுப்பு வெள்ளை ஸ்டில்லில் எங்கே இருக்கிறது கன்னத்தில் ரோஸும் தாடைக்கு அடியில் பச்சையும்? கால் மணிக்கு ஒரு தரம் பிரஷ்ஷை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். பஸ்ஸில் போகிறவனுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் முகம் இருக்க வேண்டும். ஓவியர் எம்.எஃப். ஹுசைன்கூட பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர்தான், கட்டம் போட்டதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கரித்துண்டு சார், நீங்கள் கட்டத்தை விட வேண்டாம். அதைத் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். வான்கோ 1882இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருந்தபோது ஒரு மரச் சட்டம் செய்வித்து, அதற்குள் நூல் கட்டி, கடற்கரைக்குத் தூக்கிப் போய் அதன் வழியாகப் பார்த்து வரைந்தார். பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர், நம்மைப் போல. நீங்கள் அட்டையில் செய்யலாம். 9×12 செ.மீ.க்கு ஜன்னல் வெட்டி, மூன்று செ.மீ.க்கு ஒரு நூல் ஒட்டுங்கள். பன்னிரண்டு கட்டம்தான் வரும். அதற்கு மேல் கட்டாதீர்கள், ஆசை வரும். தாளில் ஆறு செ.மீ. கட்டம் லேசாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று: சட்டம் கண்ணிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு மாறிவிடும். அதனால் சட்டத்தில் ஒரு கயிறு கட்டி, மறு நுனியில் முடிச்சுப் போட்டு, முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு விறைப்பாகப் பிடியுங்கள். பார்க்கக் கண்றாவியாக இருக்கும். பரவாயில்லை.


வாஷ்_பேசின்
ஜனவரி 15, காலை 8:05

அந்த வாய் விஷயம் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. அந்த அம்மா அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறாரே.

நல்ல தாளுக்குப் பயப்படுவது பற்றி என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் முழுப் பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம் (நல்ல கெட்டி), ஒரு கட்டு வாங்கினேன். விலையைச் சொன்னால் என் மாமியார் இதைப் படிக்கக்கூடும். “கை நல்லாப் பழகினதும் இதில் போடலாம்” என்று பீரோவில் வைத்துவிட்டு, மலிவுத் தாளில் பழகினேன். மலிவுத் தாளில் மரக்கூழ்தான் இருக்கும், தண்ணீர் போட்டதும் அலையலையாய் எழும்பும், ஒரு வாஷ் (தண்ணீராகக் கரைத்த கலர்ப் பூச்சு) மேல் இன்னொன்று வைத்தால் கீழே இருப்பது கரைந்து வரும். நான் அது என் கைக்கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் தைரியம் வந்து நல்ல தாளை எடுத்து வானத்துக்கு ஒரு வாஷ் இழுத்தால், அங்கங்கே அம்மைத் தழும்பு மாதிரி கலர் உள்ளே இறங்கிவிட்டது. ஈரத்தில் தாளின் பசைப்பூச்சு போய்விட்டதாம். அந்தப் பூச்சு இருந்தால்தான் கலர் மேலே நிற்கும். பத்துத் தாளும் அப்படியே.

அதனால் அண்ணா, பிறந்தநாள் நோட்டில் அந்தக் கோணல் டீக்கடை இருக்கட்டும். கிழிக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், இழைக்குச் சம்பந்தம் இல்லை. கலருக்கு வரும்போது ‘ஸ்கின் கலர்’ என்று விற்கிற அந்த ரோஸ் கிரேயான் நினைப்போடு வராதீர்கள். என் அம்மாவை அந்த நிறத்தில் போட்டுப் போட்டுத்தான் எனக்கு முகமே வரவில்லை. இப்போது பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, அதில் நிழலுக்குக் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம். இரண்டு டியூப். அம்மா வந்துவிட்டார்.


நைட்_டூட்டி
ஜனவரி 15, காலை 10:30

முழுவதும் கட்டம் நிரப்புகிறவளாக ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், வாய் பற்றி. செல்பி போட்டோக்களை அப்படியே இறக்காதீர்கள். கை நீளத் தூரத்தில் எடுப்பதால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடும். நாம் அதையும் விசுவாசமாக வரைந்துவிட்டு, ஆள் ஏன் வேறு மாதிரி இருக்கிறார் என்று முழிப்போம். ஆறேழு அடி தள்ளி நின்று எடுத்த போட்டோவாகக் கேட்டு வாங்குவேன் நான். அது இல்லையென்றால் வரைவதில்லை.

அடையாள அட்டைப் படத்தை யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் யாருமே தன் வாயோடு இருப்பதில்லை.


கரித்துண்டு
பிப்ரவரி 2, இரவு 11:05

குடம்: தரை, மேஜை, பிரிட்ஜ், மூன்றும் இரண்டு சுற்று முடிந்தது. பிரிட்ஜ் மேல் வைத்தபோது வாய் தெரியவில்லை, அடி விளிம்பு மேல்நோக்கி வளைந்தது. அன்றைக்கு உண்மையிலேயே ஒரு சந்தோஷம் வந்தது மாஸ்டர். 43 வயதில் குடத்தைப் பார்த்து.

சட்டம்: மைத்துனன் கல்யாணப் பத்திரிகை அட்டை கெட்டியாக இருந்தது. வெட்டிவிட்டேன். மனைவி இன்னும் பார்க்கவில்லை.


மாடல்டிராயிங் மாஸ்டர்
பிப்ரவரி 3, காலை 5:40

நல்லது. நகரும் ஆளுக்கு ஒரு வழி. டீ மாஸ்டர் நகர்கிறாரே என்று பதறாதீர்கள். தொழில் செய்கிறவன் திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வருவான். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று உருவம் தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றும்போது ஆற்றுகிற உருவத்தில் இரண்டு கோடு, குனியும்போது குனிகிற உருவத்தில் இரண்டு கோடு. பஸ்ஸுக்கு நிற்கிறவனை வரையாதீர்கள், அவன் திரும்பி வரமாட்டான்.


கரித்துண்டு
பிப்ரவரி 23, இரவு 8:15

இன்று போனேன். அதே கடை, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பழைய ஸ்டூல். ஒரு கண்ணை மூடி, முடிச்சைப் பல்லில் கடித்து, கல்யாணப் பத்திரிகை வழியாகக் கடையைப் பார்த்தேன். பன்னிரண்டு கட்டத்தில் மொத்தக் கடையும் வந்து உட்கார்ந்தது. பலகைக்கு மேல் வரிசை போதும், பாய்லர் நடு வரிசையில். புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். டீ மாஸ்டர் கிளாஸை வைத்துவிட்டு நேராக ரோட்டைத் தாண்டி வந்தார்.

“என்ன சார் அளக்குறீங்க? கடையை எடுக்கப் போறாங்களா?”

வாயில் கயிறு. “ம்ம்ம்” என்றேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். முகம் செத்துவிட்டது. கடைக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கயிற்றைத் துப்பிவிட்டு, நோட்டைக் காட்டி, நான் எந்த ஆபீஸும் இல்லை, படம் போடுகிறேன் என்று புரிய வைப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நோட்டில் அப்போது இருந்ததோ வெறும் கட்டமும் புள்ளியும். நிஜமாகவே சர்வே மாதிரிதான் இருந்தது.

சட்டத்தைப் பைக்குள் போட்டுவிட்டேன், அதற்குமேல் தைரியம் இல்லை. புள்ளிகள் இருந்தன. மீதியைப் பென்சிலை நீட்டி அளந்து போட்டேன். மாஸ்டர் சொன்னது போல அவர் திரும்பத் திரும்ப அங்கேயேதான் வந்தார்: வலது கை தலைக்கு மேலே, இடது கை இடுப்புக்குப் பக்கத்தில், தலை ஒரு பக்கம் சாய்ந்து, பார்வை மட்டும் கல்லாவில். நாற்பது தடவையாவது அந்த நிலைக்கு வந்திருப்பார். கையை ஒரே கோடாக, தோளிலிருந்து இழுத்தேன். பேனர்வீட்டுத் தம்பி, அது உங்கள் அப்பாவுக்கு.

முடிந்ததும் அவரே வந்து எட்டிப் பார்த்தார். “மூஞ்சி நான் இல்ல சார். ஆனா ஆத்துறது நான்தான்” என்றார். போட்டோ மாதிரி இருக்கு என்று சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

படம் இணைத்திருக்கிறேன்.


மாடல்டிராயிங் மாஸ்டர்
பிப்ரவரி 24, காலை 5:45

பார்த்தேன். கை நன்றாக இருக்கிறது. பாய்லர் அடி தட்டை.


பேனர்வீட்டுப்பையன்
பிப்ரவரி 24, காலை 11:20

அப்பாவுக்கு போனில் காட்டினேன். கையை நீட்டி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “யாரு, நம்ம ஆளா?” என்றார். இல்லை, ஆபீஸில் கணக்கு பார்க்கிறவர் என்றேன். “டீக்குக் காசு வாங்கினானா கேளு.”


கரித்துண்டு
பிப்ரவரி 24, இரவு 9:00

வாங்கினார். பன்னிரண்டு ரூபாய்.